பச்சை வராத வெள்ளிக்கிழமை

யுவராணி வேலை பார்க்கும் கம்பெனிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அவர்கள் செய்து விற்கும் எடைமேடை நிரல் லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிரமாதமாக ஓடும், மேக்கில் சுமாராக ஓடும். அதை வாங்கி வைத்திருக்கும் எடைமேடைக்காரர்கள் அத்தனை பேரிடமும் இருப்பது விண்டோஸ். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சின்ன விஷயம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. உறுத்துவதற்குக் கண் வேண்டும். அங்கே எல்லோரிடமும் இருந்தது விஷன்.

நிரல் என்றதும் ராக்கெட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். உப்பு லாரி மேடைமேல் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் இருப்பவர் ஒரு கறுப்புத் திரையில் வண்டி நம்பரைத் தட்டுவார், எடை வரும், சீட்டு அச்சாகும். அவ்வளவுதான். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, வெறும் எழுத்து. இந்தக் கறுப்புத் திரைக்கு டெர்மினல் என்று பெயர். அதில் ஓடும் நிரலைச் சோதித்துப் பார்க்க மனுஷர் யாரும் வேண்டியதில்லை. டெஸ்ட் என்று இன்னொரு நிரல் இருக்கிறது. அது பொய்யாக ஒரு கறுப்புத் திரையை விரித்து, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் நடித்து, நம்பரைத் தட்டி, எடை சரியாக வருகிறதா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. இரண்டையும் சொல்லாமல் மஞ்சள் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் டெஸ்ட் தொங்கிவிட்டது என்பார்கள். சிவப்பையாவது திட்டலாம். தொங்குவதை என்ன சொல்லித் திட்டுவது?

இத்தனை நாள் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. புதிதாக வந்த ஒரு பெரிய உப்பு வியாபாரி, "விண்டோஸ்ல பச்சை காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லித் தொலைத்தார். அதன்பிறகுதான் விண்டோஸில் டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கலாமே என்கிற ஞானம் கம்பெனிக்குப் பிறந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். தொங்கியது. தொங்கிய டெஸ்ட்டை மரக்காணத்தில் வீட்டு மாடியிலிருந்து வேலை செய்யும் யுவராணியின் தலையில் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு வைத்த பெயர் நடராசன். அவராக வைத்துக்கொண்ட பெயர் நேட். அடையாறு வீட்டில் பின்னால் ஒரு செடி தெரிகிற மாதிரி உட்கார்ந்துதான் எப்போதும் பேசுவார்.

"யுவா, ஸ்டேட்டஸ்?"

"லினக்ஸ் பச்சை சார். மேக் அப்பப்ப தொங்குது. விண்டோஸ் எப்பவும் தொங்குது."

"எப்பவும்னா?"

"ஒரு தடவகூட ஏமாத்தல சார்."

நேட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்லட்டா? உங்க ஊரு நெட்டுதான். அங்க டவர்லயே காக்கா உக்காந்துட்டிருக்கும்."

"டெஸ்ட்டு ஓடறது சிங்கப்பூர்ல இருக்கிற மெஷின்ல சார்."

"இருக்கட்டும்மா, ஒரு இம்பேக்ட் இருக்கும்ல? உப்புக்காத்து வேற. எல்லாம் துருப்புடிச்சுப் போயிருக்கும்."

மரக்காணத்து உப்புக்காற்று கடல் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் அங்கே மூடிக் கிடக்கும் மெஷினைத் தேடிப் பிடித்துத் துருப்பிடிக்க வைப்பதை யுவராணி ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். உள்ளூர்க் காற்றுக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் தூக்கிட்டா பச்சை வந்துடுமில்ல?" என்றார் நேட், ரகசியம் சொல்வதுபோல்.

"கஸ்டமர் கேட்டதே அந்த ஒண்ணத்தான் சார்."

"அப்ப சரி. இன்னிக்கு சாயந்திரம் பச்சை வரணும். வரலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பெருங்குடி ஆபீஸ்ல வந்து உக்காந்துடு. கிராமத்துலேர்ந்துலாம் இது சரிப்படாது. என்னால மேல பதில் சொல்ல முடியல." கொஞ்சம் நிறுத்தினார். "சரிம்மா, வரட்டுமா?"

யுவராணிக்கு இடி விழுந்ததுபோல் இருந்ததால் வாய் திறக்கவில்லை. நேட் போகவும் இல்லை. திரையில் அப்படியே விழித்துக்கொண்டிருந்தார். "வரட்டுமாம்மா?" என்றார் மறுபடி.

"ஆங், போய்ட்டு வாங்க சார்."

அப்போதுதான் பொட்டென்று அணைந்தார்.

பெருங்குடி யுவராணிக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். சாம்பாரில் பருப்பு இருந்தது என்று சொன்னவளைப் பொய்க்காரி என்பார்கள். போன தை மாதம் வெற்றிச்செல்வனைக் கட்டிக்கொண்டு அங்கிருந்து தப்பித்து வந்திருந்தாள். அவனுக்கு உப்பளம். வேனல் காலத்தில் விடிவதற்குமுன் பாத்திக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவான். உப்பளத்தைச் சுருட்டிப் பையில் போட்டுப் பெருங்குடிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக, பச்சை வராவிட்டால் கல்யாணமானவள் வாரத்துக்கு ஒருநாள் புருஷனைப் பார்க்கும் பாக்கியம் பெறுவாள்.

கீழே வேறு ஒரு கச்சேரி தொடங்கியிருந்தது. பக்கத்து ஊர் பிரம்மதேசத்திலிருந்து சூர்யகலா வந்திருந்தாள். யுவராணியின் மாமியார் தையல்நாயகிக்குத் தங்கச்சி. பேத்தியின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவள், முதல் பத்திரிகையைக் கூனிமேட்டில் இருக்கும் நாத்தனாருக்கு வைத்துவிட்டு, அடுத்ததாகத்தான் கூடப்பிறந்த அக்காளிடம் வந்திருந்தாள். வந்த இடத்தில் அதைத் தன் வாயாலேயே சொல்லியும் விட்டாள். தையல்நாயகி காபி கொடுத்தாள், இட்லி கொடுத்தாள், பேச்சை மட்டும் கொடுக்கவில்லை.

"அப்ப வரட்டுமாக்கா?" என்று சூர்யகலா வாசலில் நின்று கேட்டது மாடிவரைக்கும் கேட்டது.

பதில் இல்லை. அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

நல்ல காரியத்துக்கு வந்தவள், வீட்டுப் பெரியவள் 'போய்ட்டு வா' என்று சொல்லாமல் படியிறங்கினால் காரியம் விளங்குமா? சூர்யகலா மடக்கிய குடையோடு கேட்டுக் கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

யுவராணி ஜன்னலைச் சாத்திவிட்டு மேக்கைக் கையில் எடுத்தாள். மேக் மனுஷர் மாதிரிதான். அப்பப்ப தொங்கும், அப்பப்ப ஓடும். ஏனென்று பார்த்தால், டெஸ்ட் ஓர் அவசரக்குடுக்கை. நிரல் எழுந்து திரையை விரித்து உட்காருவதற்குள் வண்டி நம்பரைத் தட்டிவிடுகிறது. நிரல் நிதானமாக உட்கார்ந்து, அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, 'வண்டி நம்பர்?' என்று கேட்கிறது. டெஸ்ட்டோ 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று எடைக்காகக் காத்திருக்கிறது. இப்படி இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும். 'வண்டி நம்பர்?' என்று திரையில் வந்த பிறகுதான் தட்டவேண்டும் என்று டெஸ்ட்டுக்கு ஒரு கட்டளை போட்டாள். மேக் ஒழுங்காகப் பச்சை காட்டியது. எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சை.

விண்டோஸுக்கு அந்த மருந்து கேட்கவில்லை. நம்பரைக் கேட்டது, வாங்கிக்கொண்டது, எடை சொன்னது, சீட்டு அடித்தது. எல்லாம் முடிந்து, வெளியேறு என்று தட்டியதும், மஞ்சள் வட்டம். இணையத்தில் தேடினாள். இதே நோய் வந்த ஒருவன் ஏதோ ஒரு நாட்டிலிருந்து கதறியிருந்தான். அடியில் அவனே, 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தான். எப்படிச் சரியாயிற்று என்று மட்டும் எழுதவில்லை. அந்தப் புண்ணியவான் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

மதியம் வெற்றிச்செல்வன் வந்தான். கணுக்கால்வரை வெள்ளை பூத்துக் கிடந்தது. கால் கழுவியவன் நேரே மாடிக்கு வந்தான்.

"சித்தி ஏன் வெயில்ல நின்னுக்கினு இருக்குது?"

"உங்கம்மா போய்ட்டு வான்னு சொல்லலையாம்."

"காத்தாலேர்ந்தா?"

"நடுவுல உள்ள வந்து மோர் குடிச்சாங்க. மறுபடியும் போய் நின்னுட்டாங்க. பஸ்ஸே போய்டுச்சு."

வெற்றிச்செல்வன் தலையை ஆட்டிவிட்டு அவள் திரையை எட்டிப் பார்த்தான். "இது இன்னா, சுத்திக்கினே இருக்குது?"

"இது நின்னாத்தான் நான் இங்க இருப்பேன். இல்லைன்னா திங்கக்கிழமை ஹாஸ்டலு."

அவன் முகம் மாறியது. கொஞ்சநேரம் வட்டத்தையே முறைத்தான். அப்புறம், குடும்பத் தலைவன் என்கிற பொறுப்போடு கேட்டான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"

"நீங்க போய்ச் சாப்புடுங்க."

"இல்ல, கடைசியா அது இன்னா சொல்லிச்சு?"

"சீட்டு அடிச்சுது. அதான் கடைசி."

"சரி" என்று இறங்கிவிட்டான். அவனுக்குப் பசி.

யுவராணிக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. சீட்டு அடித்தது கடைசி என்று இவள் எப்படிச் சொன்னாள்? டெஸ்ட் சொன்னதால் சொன்னாள். டெஸ்ட் தனக்கு வேண்டிய எடையையும் சீட்டையும் பார்த்ததும் திரையைப் பார்ப்பதையே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு அந்தப் பொய்த் திரையில் என்ன எழுத்து வந்தாலும் படிக்க நாதி கிடையாது. இவளும் அந்த நிரலை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள். ஒருநாளாவது ஒழுங்காக வெளியேறு கொடுத்து வெளியே வந்திருக்கிறாளா? வேலை முடிந்தால் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்திக் கழுத்தை நெரிப்பதோடு சரி. இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள நாகரிகம் அது.

தொங்கிக்கொண்டிருக்கும் டெஸ்ட், திரையில் இருப்பதை அப்படியே கொட்ட வேண்டும் என்று நாலு வரி எழுதிச் சேர்த்தாள். ஓட்டினாள். தொங்கியது. கொட்டியது.

எடை, சீட்டு, 'நன்றி', ஒரு காலி வரி. அதற்குக் கீழே:

'வரட்டுமா?'

பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

யுவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தால் கீழே கேட்கும். மாமியார் தன்னைத்தான் என்று நினைத்துக்கொள்வாள்.

எடைமேடைகளில் இது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பது இப்போது விளங்கியது. அங்கே இருப்பவர்கள் மனுஷர்கள். சாயந்திரம் கடையைக் கட்டும்போது திரை 'வரட்டுமா?' என்று கேட்டால், 'போய்ட்டு வா' என்று என்டரைத் தட்டுவார்கள். நிரல் போய்விடும். ஒருவரும் இதைக் குறை என்று நினைத்ததில்லை; கேட்காமல் போனால்தான் புகார் வந்திருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்த மரியாதையெல்லாம் செல்லாது. அங்கே டெஸ்ட், எடையும் சீட்டும் வந்ததும் திரையைச் சுருட்டிவிடும். வீட்டையே இடித்த பிறகு வாசலில் நின்று விடைபெறுவது எப்படி? நிரல் செத்துவிடும், டெஸ்ட் பச்சை என்று எழுதிக்கொள்ளும். விண்டோஸுக்கென்று டெஸ்ட்டின் அந்தப் பகுதியை எழுதியவன் மட்டும் நல்ல குடும்பத்துப் பிள்ளை. நிரல் தானாகப் போகட்டும், போனபிறகு திரையைச் சுருட்டலாம் என்று எழுதியிருந்தான். நிரலோ பதில் வந்தால்தான் போகும். இது போனால் அது சுருட்டும், அது பதில் சொன்னால் இது போகும். ஆளுக்கு ஒரு மரியாதையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சிங்கப்பூரில்.

இந்த 'வரட்டுமா'வை எழுதிய மகராசன் யாரென்று பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் பெயர் பதிந்திருக்கும். கம்பெனியின் முதல் வருஷம். பெயரைப் படித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

கீழே சூர்யகலாவின் குரல் உடைந்திருந்தது. "எக்கா, அடுத்த பஸ்ஸும் வந்துடும்க்கா. வரட்டுமா?"

கத்தரிக்காய் முடிந்துவிட்டதால் தையல்நாயகி இப்போது திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதாங்க்கா. உனக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும். பஸ்ஸு கூனிமேட்டு வழியா வந்துச்சு, அப்டியே எறங்கிட்டேன். வரட்டுமா?"

வெங்காயம்.

"சரிக்கா! சீர்த்தட்டு நீதான் முன்னாடி எடுத்துனு வரணும். நாத்தனா பின்னாடி வரட்டும். நானே சொல்லிடறேன். போதுமா?"

"பந்தியில?" என்றாள் தையல்நாயகி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"பந்தியிலயும் நீதான் மொதோ."

"ஏன் வெயில்ல நிக்கற? மேலுக்கு ஆவுமா? போய்ட்டு வாடி. பஸ்ஸு வந்துடப் போவுது" என்று தையல்நாயகி தங்கச்சியைக் கடிந்துகொண்டாள். சூர்யகலா குடையை விரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

யுவராணி இதை மாடிக் கைப்பிடியைப் பிடித்தபடி முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பிறகு வேலையை முடித்தாள். 'வரட்டுமா?' என்று திரையில் வந்தால் என்டரைத் தட்டு, நிரல் போனதும் திரையைச் சுருட்டு என்று டெஸ்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று இடத்துக்கும் ஒரே நடைமுறை. லினக்ஸிலும் மேக்கிலும்கூட இனிமேல் நிரல் கௌரவமாக விடைபெற்றுத்தான் போகும். ஓட்டினாள். லினக்ஸ் பச்சை. மேக் பச்சை. விண்டோஸ் கொஞ்சம் சுற்றியது, இன்னும் கொஞ்சம் சுற்றியது, பச்சை.

வெயில் தாழ்ந்து, உப்புக் குவியல்கள்மேல் மஞ்சள் ஏறியிருந்த நேரத்தில் நேட்டைக் கூப்பிட்டாள்.

"பச்சை சார்."

நேட் தன் திரையில் குனிந்து பார்த்தார். "சூப்பர் யுவா! நான் காலைலயே சொன்னேன்ல, நெட்டுதான்னு."

"நெட்டு இல்ல சார். நம்ம நிரல் வெளிய போறப்ப ஒரு கேள்வி கேக்குது. பதில் வர்ற வரைக்கும் நவுராம நிக்குது."

"என்ன கேள்வி?"

"வரட்டுமான்னு."

"வாட் நான்சென்ஸ்! எவன் எழுதினான் இதை? இதான் சொல்றேன், ஊர்ல உக்காந்துகினு வேலை பாக்கறவங்களுக்கு ஒரு புரொஃபஷனலிசமே..."

"உங்க பேருதான் சார் போட்டிருக்குது. நேட்டுகூட இல்ல, நடராசன்னே இருக்குது."

திரையில் நேட் அசையவில்லை. கடைசியில் நெட் போய்விட்டதோ என்று யுவராணி பார்த்தாள். பின்னால் இருந்த செடி ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நெட் நன்றாகத்தான் இருந்தது.

"அது வந்து, ஆரம்பத்துல..." என்றார் நேட். "எங்க ஊரு பெருமுக்கல்ல அம்மா, சொல்லிக்காம கௌம்பினா ஒரு வாரம் பேச மாட்டாங்க. அந்தப் பழக்கத்துல எழுதிட்டிருப்பேன்."

"பெருமுக்கல்லா சார்? இதோ, பக்கத்துல. அங்க டவர்ல காக்கா உக்காருதா சார்?"

நேட் அதைக் காதில் வாங்காதவர்போல் தொண்டையைச் செருமினார். "அந்த வரியை எடுத்துட்டல்ல?"

"எதுக்கு சார் எடுக்கணும்? நல்ல பழக்கம்தானே. டெஸ்ட்டுக்குப் பதில் சொல்லக் கத்துக்குடுத்துட்டேன்."

"குட். வெரி குட்." நேட்டுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "சரிம்மா, கஸ்டமருக்கு மெயில் போடணும். வரட்டுமா?"

யுவராணி பேசவில்லை.

நேட் காத்திருந்தார். "யுவா? கேக்குதா? வரட்டுமா?"

மேஜைமேல் வெங்காயம் இல்லாததால் யுவராணி மடியில் இருந்த தலையணை உறையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அணைக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் நேட்டின் கை வந்தது, போனது, மறுபடி வந்தது. அழுத்த மட்டும் கைக்கு மனசு வரவில்லை. "என்னம்மா, ஏதாச்சும் சொல்லணுமா?"

"திங்கக்கிழமை, சார்."

"ஆமால்ல, திங்கக்கிழமை. அதை அடுத்த ரிவ்யூல பேசிக்கலாம். வரட்டுமா?"

நூல் நீளமாக வந்தது.

"சரி, வர வேணாம். அங்கயே இரு."

"எத்தினி நாளைக்கு சார்?"

"எப்பவும் இரும்மா! யார் உன்ன வரச் சொன்னது?" நேட்டின் குரல் கிட்டத்தட்ட சூர்யகலாவின் குரலாகியிருந்தது. "மெயில்ல போட்டுடறேன், போதுமா?"

"இப்பவே போடுங்க சார். நான் லைன்லதான இருக்கேன்."

நேட் தட்டினார். தட்டுகிற சத்தமே கோபமாக இருந்தது. யுவராணியின் திரையில் மெயில் வந்து விழுந்தது. மேலே இருக்கிற எல்லோருக்கும் நகல் போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். போயிருந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அப்ப வரட்டுமா?"

"தாராளமா போய்ட்டு வாங்க சார். அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க."

நேட் விட்டால் போதும் என்று அணைந்தார்.

யுவராணி கீழே இறங்கினாள். வெற்றிச்செல்வன் சாயந்திர வேலைக்குப் பாத்திக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கேட்பதற்குப் பயந்து நின்றான். 'ஒண்ணுமில்ல, இங்கதான்' என்று கையாலேயே சொன்னாள். அவன் சைக்கிளை எடுத்தான். மணியைத் தேவையில்லாமல் அடித்துக்கொண்டே போனான்.

தையல்நாயகி உரித்த வெங்காயத்தை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனவள் நின்றாள்.

"யாருடி அது மேல? அவ்ளோ நேரம் வரட்டுமா வரட்டுமான்னுக்கினு இருந்தது?"

"எங்க ஆபீஸ் சாரு அத்தை. மேனேஜரு."

"பரவால்லையே" என்றாள் தையல்நாயகி. "நல்லா வளத்துருக்காங்க."